கருவாடு இல்லாத கடற்கரை

வாயால் வடை சுடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போன் திரையில் போராட்டம் சுட்டவர்களோடு வேலை பார்த்தது அந்த ஒரு வருடம்தான். அதற்குச் சம்பளமும் வாங்கினேன் என்பதால், இந்த வசவில் எனக்கும் பங்கு உண்டு.

செங்கல்பட்டில் அத்தாவின் துணிக்கடை மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் வரைவது என் தொழில். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அங்கே பெண்கள் கருவாடு காயவைக்கும் மணல்திட்டை, கார் நிறுத்த ஒரு ரிசார்ட் கேட்டது. அதிகாரி ஒருவர் குப்பத்துக்கே வந்து கருத்துக் கேட்கப் போவதாகச் செய்தி. உடனே மக்களைத் திரட்ட ஒரு தொண்டு நிறுவனம் கிளம்பியது. எப்படி? போனில் ஒரு கேம் செய்து. படம் என் பொறுப்பு.

முதல் கூட்டம் மாமல்லபுரத்தில், ஏசி ஹாலில். குப்பத்திலிருந்து ஒரு ஆள் இல்லை. திட்டத்தை நடத்திய அம்மணி சென்னையிலிருந்து வந்திருந்தார். "இனிமே கேம்தான் போராட்டம்" என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் கை தட்டினோம். வெட்கமில்லாமல் நானும்தான்.

கேம் இதுதான். திரையில் அந்தக் குப்பத்து வீடுகளே வரிசையாக. கதவைத் தொட்டால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். எல்லோரும் வந்துவிட்டால் மணல் நமக்கு, பட்டாசு வெடிக்கும். குப்பத்தில் கருவாடு விற்கும் அக்கா ஒருத்தியிடம் போனைக் கொடுத்தோம். நாலு கதவைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, தொட்டா வந்துடுவாளுங்களா? வூடு வூடா போயி கால்ல வுழுந்தாகூட பாதி பேரு வரமாட்டாளுங்க. அந்தக் கோடி வூடு என் நாத்தனா வூடுதான? என்னாண்ட பேசியே ரெண்டு வருசமாவுது. இதுல சிரிச்சிகினு வர்றா!"

"சூப்பர் ஃபீட்பேக்" என்று அம்மணி எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதோடு சரி.

கேமுக்கு நான் முதலில் வரைந்த படத்தில் மணல் முழுக்கக் கருவாடு, தார்ப்பாய், வலை, காக்கை. "ஒரே குப்பையா தெரியுது, கண்ணுக்கு ரெஸ்ட் வேணும்" என்றார் அம்மணி. எல்லாவற்றையும் அழித்தேன். மிஞ்சியது வெறும் மணலும் ஓரத்தில் நாலு சவுக்கு மரமும். உண்மையைச் சொன்னால், அந்தச் சுத்தம் எனக்கே பிடித்துப்போனது. அதையே பெரிய போஸ்டராக அடித்து, குப்பத்தின் பெயரைப் போட்டு, ஈசிஆர் சாலை நெடுக ஒட்டினார்கள்.

கருத்துக் கேட்கும் நாளன்று பெண்கள் திரளாக வந்திருந்தார்கள். கேமைப் பார்த்து ஒருத்தியும் வரவில்லை. அந்த அக்கா, நாத்தனார் வீடு உட்பட, எல்லார் வீட்டுப் படியும் ஏறி இறங்கியிருந்தாள். ரிசார்ட்டின் வக்கீல் எழுந்தார். கையில் எங்கள் போஸ்டர்.

"இவங்க ஆளுங்களே வரைஞ்சது சார். எங்கயாவது ஒரு கருவாடு தெரியுதா? காலியா கிடக்கிற இடம்."

"யார் வரைஞ்சது?" என்றார் அதிகாரி.

அக்கா தைரியமாக என்னைக் காட்டினாள். "அதோ குந்திகினு கீதே, அந்தப் பொண்ணுதான். நம்ம பொண்ணு சார். இங்க வந்து எல்லாத்தயும் பாத்துகினு போயிதான் வரைஞ்சிது. அதையே கேளுங்க."

பழைய படம் என் போனிலேயே இருந்தது. அதைக் காட்டி, 'கருவாடு இருந்தது, நான்தான் அழித்தேன்' என்று சொன்னால் போதும். அம்மணி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "நம்ம பேரு கெட்டுடும்" என்று பல்லைக் கடித்தார். எழுந்தேன்.

"அது சும்மா ஒரு விளையாட்டு சார்."

அதிகாரி சிரித்தார். போஸ்டரை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

"அவ்ளோதானா கண்ணு?" என்றாள் அக்கா. நான் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று அந்த மணலில் கார்கள் நிற்கின்றன. அவள் கருவாட்டை ரோட்டோரம் காயவைக்கிறாள். போன வாரம் வாங்கப் போனேன். விலையைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.