காய்ந்த டயருக்குள் உயிர்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. பதினெட்டு நாட்களாக ஒரு தூறல்கூட இல்லை. காலை ஒன்பது மணிக்கே துறைமுகக் கிடங்கின் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது.

கொசுப்புழு ஆய்வாளரான அந்தப் பெண்மணியை அங்கே எல்லாரும் 'கரண்டியக்கா' என்றே அழைத்தனர். நீண்ட கைப்பிடி பொருத்திய வெள்ளைக் கரண்டியால் தேங்கிய நீரை மொண்டு, அதில் நெளிவனவற்றை எண்ணுவது அவருடைய வேலை. மருந்து தெளிக்கும் பணியாளராகச் சேர்ந்து, மதிய இடைவேளைகளில் படித்துத் தேர்வெழுதி, ஆய்வாளராக உயர்ந்தவர். பணியில் இருபத்திரண்டு ஆண்டுகளை முடித்தவர். தையற்காரரான அவருடைய கணவர், "எங்க வீட்ல கரண்டி அடுப்பங்கரைப் பக்கமே வராது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். "வேணும்னா அதுலயே பரிமாறட்டுமா?" என்று அக்கா கேட்டால்தான் அவர் வாய் மூடும்.

அன்று கப்பலில் வந்திருந்தவை அறுநூறு பழைய டயர்கள். கிடங்கு மேலாளர் முகமெல்லாம் பூரிப்பு.

"ஒரு சொட்டுத் தண்ணி கிடையாதும்மா. கையை விட்டுப் பாருங்க, தூசிதான் ஒட்டும். நாலு மணிக்கு லாரி கிளம்பணும்."

அக்கா கையை விட்டுப் பார்த்தார். தூசிதான் ஒட்டியது. ஆனால், அந்தத் தூசியைத்தான் அவர் நம்பவில்லை.

சென்ற ஆண்டு இதேபோல் காய்ந்து வந்த சரக்குக்கு அவர் கையெழுத்திட்டு அனுப்பினார். அதுவரை டெங்கு பரப்பும் கொசுவே எட்டிப்பாராத ஓர் உள்நாட்டு நகரத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. மூன்று மாதங்களில் அங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சல். டயர்தான் காரணம் என்று எவரும் நிறுவவில்லை. இல்லை என்றும் எவரும் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்து அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அதன்பிறகுதான் அவர் அந்தக் கொசுவின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு மெய் சிலிர்த்தது. காட்டு மரப்பொந்துகளில் பிறந்து, விலங்குகளின் இரத்தத்தில் வாழ்ந்த பூச்சி அது. மாதக்கணக்கில் மழையற்ற நிலத்தில் மனிதர்கள் பானைகளில் நீரைச் சேமித்தபோது, அது பொந்தை விட்டுப் பானைக்குக் குடிபெயர்ந்தது. பானைக்குப் பக்கத்தில் இருந்தவர்களையே உணவாக்கிக்கொண்டது. பிறகு பாய்மரக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் ஏறிக் கண்டம் கண்டமாக இறங்கியது. இத்தனைக்கும் துணை நின்றது அதன் முட்டை. நீர் வற்றினாலும் கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் மூச்சடக்கிக் காத்திருக்கும், நனைந்தால் விழித்துக்கொள்ளும். இருளும் குளிர்ச்சியும் சேர்ந்த டயரின் உட்புறம் அதற்கு மற்றுமொரு மரப்பொந்து. அவ்வளவுதான்.

ஆனால், விதிப்புத்தகமோ உயிருள்ள புழுவைக் கண்டால் மட்டுமே சரக்கை நிறுத்தலாம் என்றது.

"ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணி கிடைக்குமா சார்?"

மேலாளர் திகைத்தார். "காய்ஞ்சத நனைச்சிட்டு, ஈரமா இருக்குன்னு எழுதப் போறீங்களா?"

"ஈரத்தை எழுத மாட்டேன் சார். அதுல நீந்துறத எழுதுவேன்."

பத்து டயர்களைத் தேர்ந்து, நீர் ஊற்றி, அவற்றின் வாயை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டினார். பத்து மணிக்குப் பார்த்தார், ஒன்றுமில்லை. பன்னிரண்டுக்கும் ஒன்றுமில்லை. மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். லாரியில் சாய்ந்திருந்த ஓட்டுநர், "டயருக்கு அடைகாக்கிறீங்களாக்கா?" என்று சிரித்தார்.

"ஆமாண்ணே. குஞ்சு பொரிச்சா உங்களுக்குத்தான் முதல்ல காட்டுவேன்."

சிரித்துச் சொன்னாரே தவிர, அவர் கண் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. மூன்று மணிக்கு அலுவலகத்திலிருந்து அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். "புழு இல்லன்னா விட்டுடுங்கம்மா. விதிய நாம மாத்த முடியாது." நான்கு மணிக்குள் முடிவைச் சொல்வதாக அக்கா ஒப்புக்கொண்டார்.

மூன்று இருபதுக்கு ஏழாவது டயரிலிருந்து மொண்ட நீரில் டார்ச் ஒளியைப் பாய்ச்சினார். வெள்ளைக் கரண்டியின் அடியில் ஒரு நூல் துணுக்கு. அது துடித்தது. பக்கத்தில் இன்னொன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியை அருகே பிடித்துப் பார்த்தார்.

"சார், வாங்க. அண்ணே, நீங்களும் வாங்க. சீக்கிரம்."

மேலாளர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "காலையில வெறும் தூசிதானேம்மா இருந்துது" என்றார்.

"தூசி மாதிரிதான் சார் இருக்கும். அப்படித்தான் கடலையே தாண்டியிருக்கு."

ஒன்பதாவது டயரிலும் கிடைத்தன. எல்லாம் சேர்ந்து பதினேழு. எண்ணிக்கையைத் தொலைபேசியில் சொன்னபோது, அக்காவின் குரல் தேர்வில் முதலிடம் பெற்ற மாணவியின் குரலைப்போல் துள்ளியது. எதிர்முனையில் இருந்த அதிகாரி சரக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்.  அறுநூறு டயர்களும் பூச்சி கொல்லும் புகைமூட்டும் அறைக்குப் போக வேண்டும் என்று அக்கா அங்கேயே படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டார்.

ஓட்டுநர் லாரிச் சாவியை விரலில் சுழற்றியபடி அருகில் வந்தார்.

"அப்ப இன்னிக்கு நான் கிளம்ப முடியாதாக்கா?"

"முடியாதுண்ணே."