மணியடித்ததும் நீண்ட கை

பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்குச் சாயம் பூசுகிறவள் அவள். எல்லோருக்கும் பெயின்டரக்கா. சாப்பாட்டு இடைவேளையில், கழற்றிப் போட்ட பழைய இருக்கைமேல் சதுரங்கப் பலகையை விரிப்பாள். எதிரே எலக்ட்ரீஷியன் வந்து உட்காருவான். அந்த இருவரையும் வெல்ல அங்கே மூன்றாவது ஆள் இல்லை. ஆட்டம் முடிவதற்குள் வேலை மணி அடித்துவிடும். கைகுலுக்கி, டிரா என்று எழுந்துவிடுவார்கள். வருடக்கணக்காக இதே கதை.

“இவன் அடுத்து என்ன நகர்த்துவான்னு இவன் பொண்டாட்டிய விட எனக்கு நல்லாத் தெரியுது. வேற ஆளோட ஒரு தடவ ஆடிப் பாக்கணும்” என்பாள்.

வாய்ப்பு வந்தது. பணிமனைகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒருவரை அனுப்புகிறார்கள். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும்தான். டிரா ஆனால் பணிமூப்பு உள்ளவர் போகலாம் என்றார் மேலாளர். நடுவரும் அவரே.

அவளுடைய சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் நகர்ந்தால் ராணி. தடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. அவள் விரல் சிப்பாயை நோக்கிப் போனபோது மணி அடித்தது. போன கை அப்படியே திரும்பி அவன் பக்கம் நீண்டது. அவன் கையும் நீண்டது. குலுக்கிக்கொண்டார்கள்.

“டிரா” என்றார் மேலாளர்.

“பழக்கத்துல போன கை சார்.”

“ஆமா சார், அக்காதான் ஜெயிச்சாங்க. சிப்பாயப் பாருங்க.”

“கை குடுத்தாச்சுல்ல? முடிஞ்சுது. தம்பிதான் சீனியர்.”

முதல் தீர்ப்பில் குற்றமில்லை, விதி விதிதான். இரண்டாவது அயோக்கியத்தனம். அவன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அவள் அங்கே வேலைக்கு வந்தவள். ஆனால் ஒப்பந்தக் கூலி. அந்த வருடங்கள் கணக்கில் வராது. அவள் பூசிய சாயம் மட்டும் வண்டியில் ஒட்டியதாம், அவள் வேலையில் ஒட்டவில்லையாம்.

“நான் காய்ச்சல்னு படுத்துக்கறேன். நீங்க போங்கக்கா.”

“மாத்திரை வாங்கித் தர்றேன், ஒழுங்காப் போய் ஆடு. நான் எப்ப வேலைக்கு வந்தேன்னு அந்தாளு வாயால சொல்லட்டும். அப்புறம் போறேன்.”

மேலாளர் போட்டிப் பட்டியலில் அவன் பெயரையே எழுதினார். அவன் போனான், இரண்டாம் சுற்றில் தோற்றுத் திரும்பினான்.

“ஒருத்தர் வெறும் குதிரைய வெச்சே என்னக் கட்டிப் போட்டுட்டாருக்கா.”

“ஆடிக் காட்டு.”

பாதி காட்டியதும் மணி அடித்தது. அவன் கையை நீட்டினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு பலகையைவிட்டுக் கண் எடுக்காமல் இருந்தாள்.

“மிச்சத்தையும் காட்டுடா.”