ஒன்றுக்குக் கீழே

ஒஃபீலியா கோள்மூட்டியாம். கூரை வேலைக்காரன் விரலைக் கீறிக்கொண்டால்கூட இன்ஷூரன்ஸுக்கு எழுதிப் போட்டு, முதலாளி வர்த்கெஸின் கூரைக் கம்பெனியைக் கவிழ்க்கப் பார்த்தாளாம். ஃபிரெஸ்னோவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் மெல்லட்டும்.

வேலையில் அடிபடுகிறவர்களுக்கான இன்ஷூரன்ஸில் ஒவ்வொரு கம்பெனிக்கும் வருஷா வருஷம் ஓர் எண் வரும். பழைய காயங்களை வைத்துப் போடுகிற எண். ஒன்று என்றால் எல்லாரையும்போல. மேலே ஏறினால் பிரீமியமும் ஏறும். பள்ளிக்கூடக் கூரை மாதிரிப் பெரிய வேலைக்கு டெண்டர் போட உள்ளேயே விடமாட்டார்கள். அதனால் கூரைக் கம்பெனிக்காரர்கள் சின்னக் காயங்களை மறைத்தார்கள். வர்த்கெஸ் அதிலும் ஒரு படி மேலே. தகரம் கிழித்த ஆளைத் தன் மச்சானிடம் அனுப்பிவிடுவார். மச்சான் மாட்டு வைத்தியர். குதிரைக்கும் ஆட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தையல் போட்டுக்கொண்டு, தீவனக் கம்பெனித் தொப்பி ஒன்றை இனாமாக மாட்டிக்கொண்டு திரும்புவார்கள். பதினோரு வருஷமாக ஆபீஸைக் கட்டி ஆண்ட ஒஃபீலியா அந்தத் தொப்பிகளைப் பார்த்தே எத்தனை பேருக்கு அடிபட்டது என்று சொல்லிவிடுவாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, சிப்ரியானோவின் கட்டை விரல் சீழ் பிடிக்கும்வரை. நாலு நாள் மறைத்த காயம் ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அறுவை வரை போயிற்று. எண் ஒன்றேகாலுக்குத் தாவியது. பள்ளிக்கூட வேலை கைநழுவ, பதினாலு பேரில் ஆறு பேர் வீட்டுக்குப் போனார்கள். அதில் ஒருவன் ஒஃபீலியாவின் சொந்தத் தம்பி ரோகே.

அந்தச் சமயம் பார்த்துக் கணக்குப் போடும் முறை மாறியது. எந்தக் காயமானாலும் செலவில் முதல் இருநூற்றைம்பது டாலர் எண்ணில் சேராதாம். அதைச் சொல்லி வந்த கடிதத்தை வர்த்கெஸ் காப்பிக் கோப்பைக்கு அடியில் போட்டுவிட்டார். ஒஃபீலியா அதை எடுத்து மூன்று தடவை படித்தாள். பிறகு விக்கல் வருமளவு சிரித்தாள்.

"முதலாளி, இனிமே மாட்டு டாக்டர் வேணாம். ஒரு கீறலுக்கு இவ்வளவுகூட ஆகாது. எழுதினா எண்ணு அசையாது, காயமும் அழுகாது."

"நீ எழுதி எழுதி என்னைத் தெருவுல நிறுத்தப்போற, ஒஃபீலியாம்மா."

"மூணு வருஷத்துல அந்தக் கட்டை விரல் கணக்குலேர்ந்து கழண்டுடும். அப்பவும் எண்ணு ஒண்ணுக்குக் கீழ இறங்கலைன்னா நானே எழுந்து போயிடறேன். இறங்கிச்சுன்னா அந்த ஆறு பேரையும் திரும்பக் கூப்பிடணும். சரியா?"

வர்த்கெஸ் தலையாட்டினார், பாதி மனசோடு.

அப்புறம் பாருங்கள் கூத்தை. சிராய்ப்பு, குளவிக் கொட்டு, தார் சுட்ட முழங்கை எல்லாம் அவள் மேஜைக்கு வரிசை கட்டின. நெற்றி வீங்கி வந்த ஒருவனிடம், இது கூரையில் பட்டதா வீட்டில் பட்டதா என்று கேட்டாள். அவன் சத்தமில்லாமல் வரிசையை விட்டு நகர்ந்தான். மற்றவர்களை எழுதி, அன்றைக்கே நிஜ டாக்டரிடம் அனுப்பினாள். ஊர் வாய் அப்போதுதான் திறந்தது. அவள் காதில் வாங்கவில்லை. மூன்று வருஷம் ஒரு விரல்கூட அழுகவில்லை.

கெடு முடிந்து, புது எண் ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. நீ பிரி, நீங்கள் பிரியுங்கள் என்று உறை மேஜைமேல் நாலு தடவை போய் வந்தது. கடைசியில் தகரம் வெட்டும் கத்திரியால் அவளே நறுக்கினாள். புள்ளி ஒன்பது ஒன்று.

வர்த்கெஸ் நாற்காலியோடு சேர்ந்து சுற்றினார். அவள் கைப்பையை எடுத்தாள். ஆறு பேருக்கும் போன் போட்டால் போதாதா என்று கேட்டார்.

"போதாது முதலாளி. ரோகே மூஞ்சியை நான் நேர்ல பாக்கணும்."

போன் அடித்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, லாரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே ஒஃபீலியா வாசல் தாண்டிப் போனாள்.