ஆக்டின் வராத மெம்பிரேன்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளை மிச்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி வழித்தெடுக்கிற ரகம். ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிற அவள் கணவர், "ஊர் ஃபிரிட்ஜ் எல்லாம் திறந்து பாத்திருக்கேன், எங்க வீட்டுல இருக்கிற அளவுக்கு மிச்ச டப்பா எங்கேயும் பாத்ததில்ல" என்பார். மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மிச்சக்காவின் வேலையோ ஆண்டுதோறும் ஆய்வுக்கூடத் தலைவரான சாரின் கையெழுத்தில் உயிர் பிழைக்கிற வேலை. அந்தக் கையெழுத்து இன்னும் விழவில்லை.

மெம்பிரேன் போடுவதில் அவளுக்கு நல்ல கை. மெம்பிரேன் என்பது புரதங்களை வரிசை வரிசையாக ஏற்றிய வெள்ளைத் தாள். அதன்மேல் ஊற்றுகிற ஆன்டிபாடி, ஆயிரம் புரதங்களுக்கு நடுவே தனக்கு வேண்டியதை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக்டின் ஆன்டிபாடி ஆக்டினைத் தேடும். செல்லின் உருவம் குலையாமல் தாங்குகிற புரதம் அது. ஏறக்குறைய எங்கும் ஒரே அளவில் இருக்கும். ஆகவே எல்லா வரிசையிலும் சாம்பிள் சமமாக ஏறியதா என்பதற்கு அதுதான் சாட்சி. ஒட்டிய ஆன்டிபாடியின் மேல் இரண்டாவதாக ஒன்றை ஒட்டவைப்போம். ஒளி தருவது அதுதான். அந்த ஒளியைப் படமெடுக்கிற கேமராப் பெட்டி என் பொறுப்பு.

எங்கள் ஆராய்ச்சி மாணவி, நோயாளிகளின் தசையில் ஒரு புரதம் குறைவதாகச் சிலரிடம் கண்டிருந்தாள். எல்லாருடைய சாம்பிளிலும் காட்டு என்று ஆய்விதழ் கேட்டிருந்தது. அன்று மாலைக்குள் பதில் போகவேண்டும். சாம்பிளின் கடைசிச் சொட்டும் மெம்பிரேனில் ஏறிவிட்டது. அவள் படிப்பை முடித்துப் பட்டம் வாங்குவதே அந்தப் படத்தில்தான் இருந்தது.

மெம்பிரேனை இரண்டாக வெட்டி, அந்தப் புரதம் இருக்கும் மேல் துண்டை முதலில் பெட்டியில் வைத்தோம். நல்ல உடம்புக்காரர்களின் வரிசைகளில் ஒளிப்பட்டை தடித்தும், நோயாளிகளின் வரிசைகளில் மங்கலாகவும் தெரிந்தது. "குறையுது! குறையுதுண்ணா!" என்று மாணவி குதித்தாள். அடுத்து கீழ்த் துண்டு, ஆக்டின். திரை இருட்டு. நேரத்தைக் கூட்டி எடுத்தேன். அப்போதும் இருட்டு. பெட்டிதான் கெட்டுவிட்டது என்று அவள் சொன்னதும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. மேல் துண்டுக்கு வேலை செய்த பெட்டி கீழ்த் துண்டுக்கு மட்டும் கண் மூடுமா?

சாருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் குரல் நிதானமாக வந்தது. "போன மாசம் வேற வேலைக்கு எடுத்த ஆக்டின் படம் இருக்குல்ல? அதைக் கீழே வெச்சு அனுப்பிடும்மா. எல்லாம் ஆக்டின்தானே."

போனை வைத்தவள் பழைய படத்தைத் திறந்தாள். நான் தடுக்கவில்லை. அவள் வயிற்றில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மிச்சக்கா ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அதை வைக்காத. தப்பு என் பேர்ல."

"என்னக்கா?"

"மீந்த ஆன்டிபாடி கெட்டுப்போகாம இருக்க அசைடு மருந்து போடுவேன்ல? முதல் ஆன்டிபாடிக்கு ஒண்ணும் ஆகாது. ஆக்டினுக்குன்னு தனியா ஊத்துற இந்த ரெண்டாவது ஆன்டிபாடிக் குழாயிலயும் மிச்சம் இருந்துச்சு. பழக்க தோஷம், இதுலயும் போட்டுட்டேன். அசைடு பட்டா வெளிச்சம் வராது. ஆக்டின் அங்கேயேதான் இருக்கு. கழுவிட்டுப் புதுசு ஊத்துவோம்."

சாருக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மாணவியோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

புதுக் குழாயின் மூடியைத் திறந்தார்கள். மிச்சக்கா கழுவி, ஊற்றி, ஆட்டி, மறுபடி கழுவித் தந்தாள். பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

ஆக்டின் வந்தது. நல்ல உடம்புக்காரர்களின் வரிசைகளில் தடித்த பட்டை. நோயாளிகளின் வரிசைகளில் மங்கல். மேலே எவ்வளவு மங்கலோ, கீழேயும் அவ்வளவே. நோயாளிகளின் சாம்பிளே குறைவாக ஏறியிருந்தது. அந்தப் புரதம் குறையவே இல்லை.

மாணவி இந்த முறை அழவில்லை. திரையைப் பார்த்தபடியே, "சொல்லாம இருந்திருக்கலாமேக்கா" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது கண்ணு" என்றாள் மிச்சக்கா.

மாணவி பழைய படத்தை மூடிவிட்டுப் போனை எடுத்தாள்.

"சார், ஆக்டின் வந்துடுச்சு. நம்ம பேப்பர்தான் போயிடுச்சு."

சார் கேட்டார்: "வர்லன்னு விட்டதை மறுபடி யாரு போடச் சொன்னது?"

மிச்சக்கா ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"நான்தான் சார்."