அண்ணனின் சனிக்கிழமைச் சாப்பாடு

என் அண்ணன் டெக்சாஸுக்கு வேலைக்குப் போனது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் பட்டறை இருந்தது. மூன்று லேத்துகளும் ஒரு துளை போடும் மிஷினும் வைத்துப் பம்ப்செட் உதிரிகளைக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டறைக்கென்று வாங்கிய போனிலிருந்து ஒரு வயரை இழுத்து வீட்டுக்குள்ளும் ஒரு போன் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு அது அடித்தால் அண்ணன்தான். அங்கே அப்போது சனிக்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சமைத்தபடியே பேசுவான். எதையோ கிளறும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். "என்ன கண்ணு ஆக்கறே?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. ரசம், உருளைக்கிழங்கு, முட்டை என்று ஏதாவது சொல்வான். அம்மாவுக்கு அது போதும். வீட்டில் இருந்தவரை தண்ணீர்கூட மொண்டு குடிக்காதவன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கோயமுத்தூர்த் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே எல்லாப் பேச்சையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ரொம்ப சந்தோஷமாக இருந்தான். வேலையில் ஏதோ நல்லபடியாக முடிந்திருந்தது. அம்மா வழக்கம்போலக் கேட்டதும், "இன்னிக்கு மக்ரோனிங்கம்மா. கொத்துக்கறி போட்டு, மேல சீஸ் போட்டு, எல்லாம் ஒரே சட்டியில. இந்த ஊர்க்காரங்க பக்குவம். நான் நல்லாப் பழகிட்டேன்" என்றான்.

"என்ன கறி கண்ணு? ஆட்டுக்கறி அங்க கெடைக்குதா?"

அந்தப் பக்கம் கிளறும் சத்தம் நின்றது. நான் அம்மாவின் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அம்மாவிடம் பொய் வராது.

"மாட்டுக்கறிங்கம்மா. இங்க எல்லாரும்..."

அம்மா போனை வைத்துவிட்டாள். கத்தவில்லை, திட்டவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அம்மா தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாகியும் மாட்டுப் பொங்கலுக்கு விடியற்காலைப் பஸ் பிடித்து அங்கே போய்விடுவாள். பிறந்த வீட்டு மாடுகளைத் தன் கையால் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தால்தான் அவளுக்குப் பொங்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஆடும் கோழியும் வேகும். மாடு என்பது அவளுக்கு வேறு.

அடுத்த ஞாயிறு போன் அடித்தபோது அம்மா நகரவில்லை. நான் எடுத்தேன். இல்லை என்று சொல்லும்படி கையால் சைகை காட்டினாள். "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்கண்ணா" என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் அவன், "பக்கத்துலதானே இருக்காங்க?" என்றான். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "சரி விடு பாப்பா. அம்மாவ நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து பார்வையை எடுக்காமல், "அடுத்த வாரம் பேசறேன்" என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பட்டறைப் போனுக்குச் செய்தி வந்தது. வேலைக்குப் போகும் வழியில், மழையில், பெரிய ரோட்டில் லாரி மோதி அவன் கார் நசுங்கியிருந்தது. உயிர் அங்கேயே போய்விட்டதாம். அப்பா கையில் எண்ணெய்க் கரியோடு வீட்டுக்குள் வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சொல்லத் தெரியாமல் முதலில் தண்ணீர் கேட்டார்.

உடல் வந்து சேரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அழுதார்கள். அவள் அழவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணனோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர் லீவில் ஊருக்கு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். அண்ணனின் துணிகள், கண்ணாடி, சில போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். பெட்டியைத் திறக்கவில்லை. அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, "கடைசியா அவன் என்னங்க சாப்பிட்டான்?" என்று கேட்டாள்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "காலையில காபி மட்டும்தாம்மா குடிச்சான். நேரமாச்சுன்னு கிளம்பிட்டான்."

"அதுக்கு முந்தி? சனிக்கெழமை?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"மக்ரோனிதாம்மா. சனிக்கிழமைன்னா அதுதான். அவன்தான் செய்வான். ரெண்டு பேரும் சட்டியை நடுவுல வச்சு அப்படியே சாப்பிடுவோம். கடைசி வாரம் மட்டும், 'இனிமே இது வேணாம்டா, அம்மாவுக்குப் பிடிக்கல'ன்னு சொன்னான். ஆனா கறி வாங்கி வச்சிட்டோமேன்னு அன்னைக்கும் செஞ்சான்."

அம்மா இன்னும் கொஞ்சம் அருகே நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "எப்படிச் செய்வான்?" என்றாள். என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ" என்றாள்.

என் கல்லூரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். அவர் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். கொத்துக்கறியைச் சட்டியில் போட்டு அதன் கொழுப்பிலேயே சிவக்க வறுக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, குடமிளகாய். மிளகாய்த்தூள், சீரகத்தூள், கற்பூரவல்லி வாசத்தில் ஒரு காய்ந்த இலை. தக்காளியைக் கரைத்து ஊற்றி, தண்ணீர் விட்டு, மக்ரோனியை வேகவைக்காமல் அப்படியே போட்டு மூடிவிட வேண்டும். தண்ணீர் வற்றியதும் மேலே சீஸைத் துருவித் தூவி மறுபடி மூடினால் உருகிவிடும். "அவ்வளவுதாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அழ ஆரம்பித்தார். அம்மாதான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெரு டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

அந்த டீச்சர் கிறிஸ்தவர். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கும், தூக்குச் சட்டியில் பிரியாணியும் அனுப்புவார். ஆட்டுக்கறிதான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் கொடுப்பார். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். கேக் எங்களுக்கு. தூக்கை அடுக்களைக்குள் கொண்டுபோகாமல் பட்டறை ஆட்களிடம் கொடுத்துவிடுவாள். டீச்சருக்கு அது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்க டீச்சர், எனக்கு அரைக்கிலோ மாட்டுக்கறி வேணுங்க. கொத்தினது" என்றாள் அம்மா, வாசலில் நின்றபடியே.

டீச்சர் முதலில் உட்காரச் சொன்னார். அம்மா அண்ணன் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அதுவரை பேச்சின் நடுவில் போனை வைத்துவிட்ட கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ஊட்டுத் தூக்கு ஒரு நாளும் உங்க சமையல்கட்டுக்குள்ள போனதில்லைங்க. எனக்குத் தெரியும். இன்னிக்கு நீங்க இதைக் கேக்கறப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "தப்புத்தானுங்க. நான் பண்ணினது எல்லாமே தப்புத்தானுங்க" என்றாள்.

"ஐயோ, அதுக்குச் சொல்லலைங்க." டீச்சர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை கோயில் முடிஞ்சதும் உக்கடம் கறிக்கடைக்குப் போய் வாங்கிட்டு வாரேன். இங்கயே ஆக்கலாங்க. உங்க அடுப்புல வேண்டாம். உங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா சங்கடம்."

"இல்லைங்க. என்ர அடுப்புலதான் ஆக்கோணும்."

மக்ரோனியையும் டப்பா சீஸையும் நான் காந்திபுரத்தில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு டீச்சர் வந்தார். தேக்கிலையில் கட்டிய பொட்டலம் அவர் பைக்குள் இருந்தது. அம்மா குளித்து, தலையை முடிந்துகொண்டு நின்றாள். பொட்டலத்தை அவளே பிரித்தாள். "நான் போடறேனுங்க" என்று டீச்சர் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. வடைச்சட்டியில் தானே போட்டாள். போட்டுவிட்டு ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கறி நிறம் மாறி நீர் விட்டு வறுபடத் தொடங்கியது. டீச்சர் கரண்டியை எடுத்துக் கட்டிகளை உடைத்துவிட்டார்.

நான் நோட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். சீரகத்தூள் விழுந்ததும் எழுந்த வாசனை எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வாசனையைப் போலவே இருந்தது. அம்மாவின் கை பழக்கத்தில் கறிவேப்பிலைக்குப் போயிற்று. "அது இல்லைங்கம்மா" என்றேன். எடுத்த கொத்தைத் திரும்ப வைத்தாள். தக்காளியும் தண்ணீரும் ஊற்றி மக்ரோனியைக் கொட்டி மூடினோம். எவ்வளவு தண்ணீர் என்று அந்த மதுரைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் கொஞ்சம் குழைந்துவிட்டது. சீஸும் சரியாக உருகவில்லை. அங்கங்கே திட்டுத் திட்டாக மஞ்சளாக நின்றது.

மூவரும் தரையில் உட்கார்ந்தோம். அம்மா ஒரு தட்டில் கொஞ்சமாக எடுத்துக்கொண்டாள். வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தாள். இரண்டாவது வாயும் வைத்தாள்.

"உப்பே இல்லையே" என்றாள்.

நோட்டில் உப்பு என்று எழுதவில்லை. அந்த ஊர் சீஸில் உப்பு இருக்கும் என்று அவர் விட்டிருக்கலாம், அழுகையில் மறந்தும் இருக்கலாம்.

"இப்படியா தின்னுட்டுக் கெடந்தான்? உப்பில்லாம, காரமில்லாம... தோள்ல போன இடுக்கிட்டு... வாரம் முழுக்க வேல செஞ்சுபோட்டு வந்து இதையாடா தின்னே என்ர சாமி..."

அன்றைக்குத்தான் அம்மா அழுதாள். தட்டைத் தள்ளிவிட்டு, தரையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீச்சர் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் அப்பா சாப்பாட்டுக்கு வந்தார். அடுக்களை வாசலில் நின்று சட்டியைப் பார்த்தார். "என்ன இது?" என்றார். நான்தான் சொன்னேன்.

அவர் முகம் இறுகியது. "அந்தச் சட்டியக் கொண்டுபோய் வெளிய போடு" என்று என்னிடம் சொன்னார். நான் எழப்போனேன். அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பையனையே வெளிய போட்டாச்சுங்க. சட்டி இருக்கட்டும்."

அப்பாவிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் திரும்பிப் பட்டறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து பல நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டார். அம்மாவும் கூப்பிடவில்லை. மறுபடி அந்தச் சமையலை அவள் செய்யவும் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு டீச்சர் தூக்கை அனுப்பவில்லை. எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அம்மா போய் இலை முன் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அப்பா திரும்ப வீட்டில் சாப்பிடத் தொடங்கியது தை மாதத்துக்குப் பிறகு. அதற்குச் சில நாள் முன்னால் அம்மா கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸை நான் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆட்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கழிவுப் பஞ்சால் கை துடைத்துக்கொண்டிருந்தார். பாக்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திறக்காமலே இருந்தார்.

"அன்னிக்கு அதுல என்னென்னம்மா போட்டீங்க?" என்று கேட்டார்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். சீஸ் எப்படி உருகும் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"தனியாவா உக்காந்து திம்பான்?"

"இல்லீங்கப்பா. அந்த மதுரைப் பையனும் அவனும் சேந்துதான். ஒரே சட்டியில."

அப்பா கொஞ்ச நேரம் லேத்தின் மேல் சுருண்டு கிடந்த இரும்புச் சீவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"அப்பச் சரி" என்றார்.