கால் மண்ணில் பட்டால்

போன மாதம் மகள் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளை டி.வி.யில் ஒரு சைக்கிள் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். உலகச் சாம்பியன் பட்டத்துக்கு ஆண்கள் ஓட்டுகிற சாலைப் போட்டியாம். எந்த நாடோ, ரோட்டின் இருபுறமும் பச்சைப் பசேல் என்று புல். கொடுத்து வைத்த ரோடு என்று நினைத்துக்கொண்டே நானும் உட்கார்ந்தேன். மழை ஈரத்தில் முன்னால் போனவன் சறுக்கி விழ, அவன்மேல் ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள். “ஐயோ போச்சே, இம்புட்டுத் தூரம் வந்து போச்சே” என்று நான் கத்திவிட்டேன். “இருங்க மாமா, இப்பப் பாருங்க” என்று மாப்பிள்ளை சிரித்தார். விழுந்தவன் எழுந்தான். முழங்கையில் ரத்தம். பின்னால் வந்த காரிலிருந்து ஒருவர் குதித்து ஓடிவந்து வேறு சைக்கிளைக் கொடுத்து, முதுகில் கைவைத்துத் தள்ளியும் விட்டார். அவன் ஏறிப் போயே போய்விட்டான்.

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எண்பதைத் தாண்டிய கிழவன் குழாய்ச் சத்தத்துக்குள் ஒளிந்து அழுதான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், நமக்குள் என்ன. அன்றைக்குச் சனிக்கிழமை. மகள் எண்ணெய்க் குளியலுக்காகக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். மிளகு போட்டுக் காய்ச்சிய அந்த வாசனைதான் என்னை ஒரேயடியாகக் கவிழ்த்தது. சோலையப்பன் தொடையிலும் கெண்டைக்காலிலும் தேய்த்துக்கொள்வது அதே எண்ணெய்தான்.

சோலை அருப்புக்கோட்டையில் ஒரு சோடாக் கம்பெனியில் இருந்தான். கோலி சோடாப் பெட்டிகளைச் சைக்கிள் கேரியரில் கட்டித் திருச்சுழி வரைக்கும் வழியெல்லாம் கடைகளுக்குப் போடுவான். நான் திருச்சுழியில் ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க். கடை வைத்துப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்து, எனக்கு வியாபாரம் வராது என்று அப்பாவே தீர்மானித்துப் பேனாவைப் பிடிக்க அனுப்பிவிட்டார். அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் போவேன். பஸ் கிளம்பும்போது சோலையும் கிளம்புவான். பஸ் ஒவ்வொரு கருவேல மரத்துக்கும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அவன் சோடாவை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நிற்பான். “என்ன அண்ணாச்சி, வழியில தூங்கிட்டீகளா?” என்பான். அறுபதுகளின் நடுவில் இதுதான் எங்கள் பழக்கம். மழை பொய்த்த வருஷங்கள். இருபுறமும் பருத்தி காய்ந்து கிடக்கும். அந்த ரோட்டில் சிரிக்கிறதுக்கு இருந்த ஒரே விஷயம் அவன்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சைக்கிள் போட்டி என்றால் ஒன்றே ஒன்றுதான். ஏழு நாள் சைக்கிள். சந்தைத் திடலில் கம்பு நட்டு, கொடி கட்டி, மைக் செட் போட்டு, ஓட்டுகிறவன் ஏழு நாளும் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள்மேல்தான். எவ்வளவு மெதுவாகவும் போகலாம். கால் மட்டும் மண்ணில் படக்கூடாது. பட்டால் தீர்ந்தது. யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அவனே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். காரியாபட்டிக்காரர் ஒருவர் ஐந்தாம் நாள் ஒரு நாய் குறுக்கே வந்ததில் கால் ஊன்றிவிட்டார். கூட்டம் சத்தமில்லாமல் வழிவிட்டது. அவர் தலை குனியாமல் போனார். அந்தப் போக்கைப் பற்றிச் சோலை பல நாள் பேசிக்கொண்டிருந்தான். “செயிச்சவனக்கூட மறந்துருவேன் அண்ணாச்சி, அவுக போன போக்க மறக்க மாட்டேன்” என்பான். அடுத்த வருஷம் அதே திடலில் அவனே ஏழு நாளும் முடித்தான்.

திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்குச் சென்னையிலிருந்து புதிதாக ஒரு டிரில் வாத்தியார் வந்தார். சோலை பஸ்ஸை முந்துவதை ஒரு வாரம் பார்த்தார். பிறகு எங்கிருந்தோ எழுதிப் போட்டு வரவழைத்த தாள்களை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். வெளிநாட்டில் உலகச் சாம்பியன் சாலைப் போட்டி நடக்கப் போகிறது. இந்தியாவிலிருந்து நாலு பேர் போகப் போகிறார்கள். தேர்வுப் போட்டி செங்கல்பட்டுப் பக்கம். “இவன் காலுக்கு இந்த ரோடு பத்தாது சார், நீங்க ஃபாரத்தை நிரப்பி அனுப்புங்க” என்றார். அதற்குள் மாற்றல் வந்து அவர் போய்விட்டார். தாள்கள் என்னிடம் இருந்தன. நாலு தாள், இங்கிலீஷ், மங்கலான சைக்ளோஸ்டைல் அச்சு.

ஊரில் எனக்கு இங்கிலீஷ் தெரிந்தவன் என்று பெயர். அந்தப் பெயரை நான் எவ்வளவு ஆசையாக வளர்த்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். முதல் தாளை டீக்கடையில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். வயது, உயரம், டாக்டர் சர்ட்டிபிகேட். இரண்டாம் தாளில் தூரம், நேரம், இடம். மூன்றாவதைத் திருப்பினேன். பொடி எழுத்தில் வரிசையாக விதிகள். தலை வலித்தது. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“விதியெல்லாம் என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?” என்று சோலை கேட்டான்.

“எல்லாம் நம்ம ஊரு விதிதாம்லே. வேகமாப் போகணும், அம்புட்டுத்தான்” என்றேன்.

“கால் ஊனக்கூடாதுல்ல?”

“பின்ன? உலகப் போட்டின்னா சும்மாவா?”

இந்த வார்த்தைக்குப் பிறகு அவன் செய்த பயிற்சியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, மறுபடி அருப்புக்கோட்டை, மறுபடி திருச்சுழி, கால் படாமல். ரோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் அது கடக்கும் வரை அங்கேயே வட்டமடிப்பான். டீக்கடை முன்னால் சுற்றிச் சுற்றி வந்தே டீ குடிப்பான். ஒரு சுற்றில் கிளாசை வாங்குவான், நாலாவது சுற்றில் வெறும் கிளாசைத் திருப்பிக் கொடுப்பான். ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். “ஏலே சோலை, வெளிநாட்டுல டீ கிடைக்குமாடா?” என்று கேட்பார்கள். கம்பெனி முதலாளி பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கச் சொல்லி அவருடைய வெள்ளைச் சட்டையையே கொடுத்தார். அந்தக் காய்ந்த ஊருக்கு அப்படி ஒரு ஆசை வந்ததை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

காரியாபட்டி வழியாக மதுரைக்குப் பஸ், அங்கிருந்து ரயில். துணைக்கு நான்தான் போனேன். போட்டி காலையில் தொடங்கியது. ஐம்பது மைல் போய், நடு ரோட்டில் வைத்த தார் பீப்பாயைச் சுற்றிக்கொண்டு அதே வழி திரும்ப வேண்டும். மற்றவர்கள் சைக்கிள் எல்லாம் கைப்பிடி கொம்புபோல் வளைந்த மெலிந்த சைக்கிள். நம்மாளுடையது சோடாப் பெட்டி சுமக்கிற கறுப்பு சைக்கிள், கேரியரையும் மட்காட்டையும் கழற்றியது. காக்கி அரை டிராயர், நல்லெண்ணெய் வாசனை. நாலைந்து பேர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். துணைக்கு வந்தவர்களை ஒரு வேனில் ஏற்றிப் பீப்பாய் இருந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலோடு நின்றேன்.

முதலில் மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவது சோலை! அவர்களுக்கு அப்புறம் ரோடு கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகக் கிடந்தது. நாலு பேர் வேண்டும், இவன் மூன்றாவது. நான் என்னை மறந்து கூவினேன். பீப்பாயைச் சுற்றும்போது இரண்டாவது ஆள் மணலில் சறுக்கினான். சோலை அவன்மேல் மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள். அந்த ஆள் ஏதோ திட்டிக்கொண்டே எழுந்து சைக்கிளைத் தூக்கி ஏறிப் போனான். அவன் விதியை மீறி ஏமாற்றுகிறான் என்றே நினைத்தேன், கடவுளே.

சோலை எழுந்தான். சைக்கிளுக்கு ஒன்றுமில்லை. உடம்பில் கீறல்கூட இல்லை. இரண்டு காலும் மண்ணில் ஊன்றி நின்று என்னைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, கால் பட்டுருச்சு.”

“ஆமாலே, பட்டுருச்சு” என்றேன்.

கொடி பிடித்து நின்ற நடுவர் கையை ஆட்டி “கோ! கோ!” என்று கத்தினார். வழியை விட்டு விலகிப் போகச் சொல்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இந்த ஒரு சொல்லுக்கா எனக்கு அர்த்தம் தெரியாது? தெரியும். ஆனால் மனசு ஏற்கனவே முடிவு கட்டிவிட்டது. சோலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைவிட்டு இறங்கினான். தலை குனியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். நாலு பேர் போனார்கள், பத்துப் பேர் போனார்கள். கடைசியாக ஒரு தடித்த ஆள் முழங்காலில் துணி கட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் புழுதியாக ஓட்டிக்கொண்டு போனான். அவனைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

நடுவர் எங்களிடம் வந்தார். நல்ல தமிழ்க்காரர்.

“ஏம்ப்பா நின்னுட்ட? சைக்கிள்ல என்ன கோளாறு?”

“சைக்கிளுக்கு ஒண்ணுமில்லைங்கய்யா. கீழ விழுந்துட்டேன்ல.”

“விழுந்தா எந்திரிச்சு ஓட்ட வேண்டியதுதானே? உன்னை யாரு உட்காரச் சொன்னது?”

சோலை எழுந்தான். ஏறினான். ஐம்பது மைலும் ஓட்டினான். பாதிப் பேரை முந்தினான் என்று வேனில் பேசிக்கொண்டார்கள். பதினோராவதாக வந்தான்.

அன்று ராத்திரியே ரயில் ஏறினோம். திண்டுக்கல் தாண்டி விடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். “அந்தத் தாளுல விழுந்தா ஏறலாம்னு போடலையோ அண்ணாச்சி?”

“போடலைலே” என்றேன்.

“அப்பச் சரி. நம்ம நேரம்” என்றான்.

மறுநாள் ஆபீசில் அந்த மூன்றாம் தாளை எடுத்தேன். நடுவில் இருந்தது. விழுந்தவர் யாருடைய உதவியையும் பெற்று மீண்டும் ஏறித் தொடரலாம். ஒரே வரி. அதில் எனக்குத் தெரியாத இங்கிலீஷ் சொல் ஒன்றுகூட இல்லை. தாளைக் கிழித்து டீக்கடை அடுப்பில் போட்டேன். சொல்லிவிடலாம் என்று இருபது தடவை வாயெடுத்திருப்பேன். இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற பெயர் போய்விடும். அந்தப் பெயரை வைத்து நான் என்ன கோட்டை கட்டினேன்? ஒரு மண்ணும் இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஆசையாக நின்று வேடிக்கை பார்த்த ஊர்தான். விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாத பயல் என்று தொடங்கி, ஒரே மாதத்தில் “எறங்கு சோலை” என்று பெயர் வைத்துவிட்டார்கள். திருச்சுழி பஸ் கண்டக்டர் அதை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டார். அவனைத் தாண்டும்போது படியில் தொங்கிக்கொண்டு “சோலே, எறங்கு எறங்கு!” என்பார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீளும். “ஏலே, காலு பட்டுருச்சுடா!” பஸ்ஸே சிரிக்கும். அவன் முன்னைப்போல் முந்துவதில்லை, தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டு வருவான். தாளைப் படிக்காதது நான்தான் என்று அந்த பஸ்ஸுக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எழுபதாம் வருஷமோ எழுபத்தொன்றோ, ஒரு சித்திரை வெயிலில் கண்டக்டர் வழக்கம்போல் கத்தினார். பக்கத்து ஆள் என் தொடையில் தட்டிச் சிரித்தார். அவருக்காக நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். சோலை நிமிர்ந்தவன் நேராக என் ஜன்னலைப் பார்த்துவிட்டான்.

அடுத்த வாரம் சோடா கொண்டுவந்தது வேறு ஆள். வடக்கே மில் வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். நான் தேடவில்லை. தேடினேன் என்று உங்களிடம் சொல்லலாம், அது இன்னொரு பொய்யாகப் போகும்.

ரிட்டையராகிப் பல வருஷம் கழித்து அருப்புக்கோட்டைக்குப் போனேன். சோடாக் கம்பெனி இருந்த இடத்தில் செல்போன் கடை. சந்தைத் திடலில் கட்டடங்கள். ஏழு நாள் சைக்கிள் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது. கண்டக்டர் செத்து இருபது வருஷம். என்னோடு பஸ்ஸில் வந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். எல்லாப் பெயருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. பஸ் நிலையத்துக் கடை ஒன்றில் வயதானவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மனசு கேட்காமல், “எறங்கு சோலைன்னு ஒருத்தர், தெரியுமா?” என்று கேட்டேன். யாராவது சிரித்தால் அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன்.

“அது யாருங்க?” என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. அந்த பஸ்ஸில் சிரித்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.