வெளுத்துக் கொடுத்த பெல்ட்

எங்கள் அம்மாவுக்குத் திமிர் அதிகம் என்று சேத்தூரில் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. தென்னை மர உச்சியில் இரண்டு கையையும் விட்டுவிட்டு, பின்னால் சாய்ந்து நின்று காய் வெட்டுகிறவளிடம் வேறு என்ன இருக்கும்? திமிர்தான். அது இருந்ததால்தான் நான் படித்தேன்.

அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனவர். பணம் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. வராத மாதம் ஒன்றில், பெண்களுக்கு மரம் ஏறப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா பெயர் கொடுத்தாள். பயிற்சி முடிந்து ஒரு மிஷினோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பிக் கயிற்றால் மரத்தைக் கவ்விக்கொள்ளும் இரும்புப் படிகள், காலுக்கு ஒன்று. கூடவே, இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள நீல நிறத்தில் ஒரு நைலான் பெல்ட்.

மேலத்தெருவில் காலில் கயிறு மாட்டி மரம் ஏறுகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அம்மாவின் மிஷினுக்கு 'பொம்பளை சைக்கிள்' என்று பெயர் வைத்தது அவர்தான். தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆறு மாதத்தில், அவர் காய் வெட்டிக்கொண்டிருந்த மலையடிவாரத் தோப்பு அம்மா கைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. அவர் மகள் ஐந்தாம் வகுப்பில் என் பெஞ்சில்தான் உட்காருவாள். அதோடு எங்களுக்குள் பேச்சும் நின்றது.

ஏறப் போகும் ஒவ்வொரு நாளும் காலையில் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து பெல்ட்டை மடியில் போட்டுக்கொள்வாள். அரிசியில் கல் பார்ப்பதுபோல அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். மடித்துப் பெருவிரலால் நீவுவாள். தையலை நகத்தால் கீறுவாள். கொக்கியைத் திறந்து விட்டு, அது மூடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாள். அதுவரை எனக்குத் தலை பின்ன மாட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அடி வாங்குகிற ஆத்திரம் எல்லாம் எனக்கு அந்தப் பெல்ட்டின் மேல்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு சித்தப்பா ஒரு காரியம் செய்தார். அவருக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கிற கம்பெனியில் வேலை. எங்களுக்கு அடுத்த வீடு. அம்மா மரம் ஏறுவதை எங்கள் சொந்தத்தில் கேவலமாகப் பேசாத ஒரே ஆள் அவர்தான். பெல்ட் அழுக்கேறிக் கறுத்துக் கிடக்கிறதே, பூஜையில் வைக்க நன்றாகவா இருக்கும் என்று, ஆணியில் தொங்கியதைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போய், துணியோடு துணியாக வெளுப்புத் தொட்டியில் போட்டுவிட்டார். பூஜையன்று காலையில் கொண்டுவந்தபோது அது மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. நீலம் இருந்த இடம் தெரியவில்லை. நான் புதுசு என்றே நினைத்துக் கை தட்டினேன். சித்தப்பா மிஷினுக்கு மாலை போட்டு, பெல்ட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அம்மா வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தார்.

அம்மா சுண்டல் சட்டியோடு வந்தாள். வெளுப்பு மருந்தின் வாசனையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது என்பார்கள். அவள் சூடம் ஏற்றும் முன்பே அதை உருவி எடுத்துவிட்டாள். மடித்தாள். மடித்த இடத்தில் நார் பஞ்சாய் எழும்பியது. தையலைக் கீறினாள். நூல் மாவாய் உதிர்ந்தது.

"தம்பி, இது போச்சு."

"இம்புட்டு வெள்ளையா இருக்கு மதினி?"

மருந்து உள்ளே இறங்கிவிட்டது, இனி அலசினாலும் போகாது, உள்ளேயிருந்து தின்றுகொண்டே இருக்கும் என்றாள் அம்மா. அவள் சத்தம் போடவில்லை. சித்தப்பா சுண்டல் வாங்காமல் போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்லது செய்தவரை இப்படியா என்று அம்மாவோடு பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் விஜயதசமி. தோப்பில் காய் வெட்டு என்று முன்பே பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் சொல்லி வைத்தால் புது பெல்ட் வர ஒரு வாரம் ஆகும். தோப்பு மேனேஜரிடம் நேரில் சொல்லி ஒரு வாரம் தவணை கேட்கலாம் என்று அம்மா கிளம்பினாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடக் கூடாதே என்று பழைய பெல்ட்டையும், வேலைக்குத் தயாராக வந்தவள்தான் என்பதற்கு மிஷினையும் டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டாள். லீவு என்பதால் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

தோப்பில் லாரி வந்து நின்றது. முந்தின ராத்திரி பெய்த மழையில் மரமெல்லாம் நனைந்து கறுத்திருந்தது. மேனேஜர் அம்மா சொன்னதைப் பாதிதான் கேட்டார். அங்கே மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த மேலத்தெரு அண்ணாச்சியைக் கூப்பிட்டார். ஈர மரத்தில் காலில் கயிறு மாட்டி ஏறினால் வழுக்கும் என்றார் அண்ணாச்சி. அப்படியானால் அந்தம்மா மிஷினையும் பெல்ட்டையும் போட்டுக்கொண்டு நீ ஏறு என்றார் மேனேஜர். யாரும் அம்மாவைக் கேட்கவில்லை.

அண்ணாச்சி பெல்ட்டை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அறுபடவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற ஆளாக இருந்தார். இடுப்பில் சுற்றிக் கொக்கியை மாட்டினார்.

"அண்ணாச்சி, கழத்துங்க. கையால இழுத்தாத் தாங்கும். ஆள் சாஞ்சாத் தாங்காது."

"ஒனக்கு இல்லாத பொழப்பு எனக்கு வந்திருமேன்னு சொல்லுதே. எனக்குத் தெரியாதா?"

அம்மா அவர் கிட்டே போய், அத்தனை ஆண்கள் பார்க்க, அவர் இடுப்பிலிருந்து கொக்கியைத் தட்டிப் பெல்ட்டை உருவினாள். அவர் திகைத்து நிற்கும்போதே அதைத் தென்னங்கட்டையில் போட்டு, அருவாளால் வெட்டினாள். ஒரு வெட்டோடு விடவில்லை. ஒரு சாண் துண்டுகளாக, குங்குமப் பொட்டோடு, கடைசி வரைக்கும் வெட்டினாள். லாரிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூஜை வைத்த சாமானை விஜயதசமியன்று வெட்டுகிறாளே, இவள் பொம்பளையா என்று கத்தினார் மேனேஜர். இனிமேல் தோப்புப் பக்கம் தலை காட்டக் கூடாது என்றார்.

"வர மாட்டேன்," என்றாள் அம்மா. "ஆனா இத மாட்டிக்கிட்டு எவனும் ஏறவும் மாட்டான்."

துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. தோப்பு போயிற்று. தீபாவளிக்குப் பாவாடை சட்டையும் போயிற்று. வைக்கோல்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. அதை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சத்தமாகவே சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும், வார் அறுந்து கிடந்த என் புத்தகப்பைக்கு ஒரு துண்டு கேட்டேன். அம்மா யோசித்தாள். பிறகு, "ஒரு சாண்ல எவனும் மரம் ஏற முடியாது," என்று சொல்லித் தைத்துக் கொடுத்தாள். மீதியை அடுப்பில் போட்டாள்.

புது பெல்ட் வந்தது. செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு சின்னத் தோப்பும் கிடைத்தது. வருமானம் பழையபடி இல்லை. சித்தப்பா பல நாள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், பள்ளிக்கூடம் விட்டு வெளியே வரும்போது என் பையின் வார் அந்த வெள்ளைத் துண்டிலேயே அறுந்தது. எங்கும் மாட்டவில்லை, யாரும் இழுக்கவும் இல்லை. சும்மா நடந்துகொண்டிருந்தேன். புத்தகமெல்லாம் சேற்றில் விழுந்தன.

பின்னால் வந்த மேலத்தெருப் பிள்ளை, பேச்சில்லை என்பதையும் மறந்து குனிந்து பொறுக்கினாள். அவளைக் கூட்டிப்போக வந்திருந்த அண்ணாச்சி சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். பையைத் தூக்கியவர், அறுந்த வாரைக் கையில் எடுத்தார். அம்மா செய்வதுபோலவே மடித்து, பெருவிரலால் நீவினார். வெள்ளையாக ஏதோ விரலில் ஒட்டியது. அதை இடுப்பு வேட்டியில் துடைத்தார். துடைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அம்மா எங்கட்டி?"

"செட்டியார்பட்டித் தோப்புல. புது பெல்ட்டு போட்டு ஏறுதாவ," என்றேன், நன்றாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு.

அவர் எங்கள் பை அறுந்ததைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்து பையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் மகளைத் தூக்கிக் கேரியரில் உட்காரவைத்து, ஏறி மிதிக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். தெரு முனையில் திரும்பும்போது அந்தப் பிள்ளை அப்பாவின் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை எனக்கு ஆட்டினாள். நான் பதிலுக்கு ஆட்டவில்லை.